குத்தகைக் காணியில் ஓராண்டு: பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தாவும் அதன் திரையும்

மட்டக்களப்பு நகரில் காணி உறுதிகளை எழுதும் நொத்தாரிசு ஒருவரின் அலுவலகத்தில் பதினெட்டு ஆண்டுகளாக எழுதுவினைஞராக இருக்கிறேன். மேசையில் கொண்டுவந்து வைக்கப்படும் ஆவணம் முழு உரிமையையும் விற்றுக் கொடுக்கும் அறுதி உறுதியா, குத்தகை ஒப்பந்தமா, பெற்றோர் தாங்கள் உயிரோடிருக்கும்வரை அனுபவிக்கும் சீவிய உரித்தை ஒதுக்கிவைத்துப் பிள்ளைக்கு எழுதிய நன்கொடை உறுதியா என்று வாசித்துச் சொல்வது என் அன்றாட வேலை. காணியில் இறங்கி விதைப்பவர் எல்லாரும் அதற்கு உரித்தாளிகள் அல்லர் என்பது எங்கள் பகுதியில் போடியார்கள் எனப்படும் பெரிய வயல்காரர்களிடம் வயல் எடுத்துச் செய்தவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டிய விடயமும் அன்று. ஆகவே, வீட்டிலிருக்கும் பிளேஸ்டேஷன் 5 என்ற சோனி நிறுவனத்தின் வீடியோ விளையாட்டுக் கொன்சோலுக்குரிய பிளேஸ்டேஷன் பிளஸ் என்ற ஒன்லைன் சந்தாவை ஓராண்டு பயன்படுத்திய பின்னர் அதைப் பற்றி எழுதும்போது, இது பெறுமதியா என்ற கேள்வியோடு, இதில் எது எங்களுடையது என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டியிருக்கிறது.

2023 ஆம் ஆண்டு நடுப்பகுதியில், கட்டாரிலிருந்து விடுமுறைக்கு வந்த என் மனைவியின் தம்பி அந்தக் கொன்சோலைக் கல்லடியிலுள்ள எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். வட்டுப் போடும் வசதியுள்ள பழைய பெரிய வடிவம் அது. ஒன்றரை ஆண்டு வரை வட்டுகளாலேயே காலம் ஓடியது. யாராவது ஒருவரிடம் இரவல் வாங்குவது, முடித்ததும் இன்னொரு வட்டுக்கு மாற்றிக்கொள்வது என்று. திருக்கோவில் என்ற ஊரில் இருக்கும் என் தங்கையின் மகனும் ஒரு கொன்சோல் வாங்கிய பிறகுதான், அவனும் என் மகனும், மச்சானும் மச்சானுமாக, ஒரே அணியில் பந்து விளையாட வேண்டும் என்ற ஆசை கிளம்பி, 2024 டிசம்பரில் எக்ஸ்ட்ரா என்ற நடுப் படியில் பன்னிரண்டு மாதச் சந்தா ஒன்றை எடுத்தோம்.

பிளேஸ்டேஷன் பிளஸ் 2010 ஜூனில், பிளேஸ்டேஷன் 3 காலத்தில் தொடங்கப்பட்டது. அப்போது மற்றவர்களோடு ஒன்லைனில் விளையாடுவதற்குச் சந்தா தேவைப்படவில்லை. கூடுதல் சலுகைகளுக்கான அட்டையாகவே அது இருந்தது. 2013 இல் பிளேஸ்டேஷன் 4 வந்தபோது, பணம் கொடுத்து வாங்கிய விளையாட்டை ஒன்லைனில் மற்றவர்களோடு விளையாடவும் சந்தா கட்ட வேண்டும் என்றானது. 2022 ஜூனில் சந்தா மூன்று படிகளாகப் பிரிந்தது. அடிப்படைப் படி எசென்ஷியல். பல நூறு விளையாட்டுகள் அடங்கிய தொகுப்போடு வருவது எக்ஸ்ட்ரா. அதற்கு மேலே பிரீமியம். பிரீமியத்தின் ஸ்ட்ரீமிங் வசதி இல்லாத நாடுகளில், இந்தியா உட்பட, உச்சப் படியின் பெயர் டீலக்ஸ்.

விலைக்கு வருவோம். 2023 செப்டெம்பரில் பன்னிரண்டு மாதக் கட்டணங்கள் உயர்த்தப்பட்டபோது, அமெரிக்கக் கணக்கில் எசென்ஷியல் 59.99 டொலரிலிருந்து 79.99 ஆகவும், எக்ஸ்ட்ரா 99.99 இலிருந்து 134.99 ஆகவும், பிரீமியம் 119.99 இலிருந்து 159.99 ஆகவும் ஏறின. மூன்றில் ஒரு பங்கு அளவிலான ஏற்றம் இது. ஆனால் கல்லடியில் இருந்து பார்க்கும்போது கணக்கு வேறு மாதிரி. 2021 இல் டொலர் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்தபோது எசென்ஷியல் ஓராண்டுக்கு 12,000 ரூபா வரை ஆனது. டொலர் 300 ரூபா அளவில் நிற்கும் காலத்தில் அதே சந்தா 24,000 ரூபா. சரியாக இரட்டிப்பு. நிறுவனம் உயர்த்தியது மூன்றில் ஒரு பங்கு. 2022 மார்ச்சில் ரூபா மிதக்கவிடப்பட்ட பிறகு நம் நாணயம் இழந்த பெறுமதி சேர்த்தது இரண்டில் ஒரு பங்கு. எனவே இந்தச் சந்தாவின் விலையேற்றத்தைத் திட்டுகிற இலங்கையர், அந்தத் திட்டில் பெரிய பங்கை வேறு முகவரிக்கு அனுப்ப வேண்டியிருக்கும்.

எக்ஸ்ட்ராவின் 134.99 டொலர் ஏறத்தாழ 40,500 ரூபா. சந்தாவுக்கான பண அட்டையை விற்கும் கடைக்காரர் தம் பங்குக்குச் சேர்ப்பது தனி. பெரிய நிறுவனங்களின் புதிய விளையாட்டு ஒன்று 69.99 டொலருக்கு, அதாவது 21,000 ரூபாவுக்கு விற்கப்படுவதால், எக்ஸ்ட்ரா ஓராண்டு என்பது இரண்டு புதிய விளையாட்டுகளின் விலை. ஆண்டுக்கு இரண்டு புதிய விளையாட்டுகளை வாங்கும் வீட்டுக்கு இந்த ஒப்பீடு பொருந்தும். நாங்கள் வட்டு இரவல் வாங்கியவர்கள். எங்களுக்கு அது முழுதாகப் பொருந்தாது.

வாங்கும் முறையிலேயே ஒரு கோணல் இருக்கிறது. பிளேஸ்டேஷன் வலையமைப்பில் கணக்குத் திறக்கும்போது தெரிவு செய்யக்கூடிய நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. ஆகவே இங்கு கொன்சோல் வைத்திருப்பவர்கள் அமெரிக்கா, பிரித்தானியா, இந்தியா, சிங்கப்பூர் என்று ஏதோ ஒரு நாட்டின் பெயரில் கணக்கைத் திறக்கிறார்கள். ஒருமுறை தெரிவு செய்த நாட்டைப் பிறகு மாற்ற முடியாது. ஒரு நாட்டுக்குரிய பண அட்டை இன்னொரு நாட்டின் கணக்கில் செல்லாது. அமெரிக்க அட்டைகள் எளிதில் கிடைக்கும் என்பதால் நாங்கள் அமெரிக்கக் கணக்கு வைத்திருக்கிறோம். முதல் வரியிலேயே முகவரி உண்மையல்லாத ஓர் ஆவணத்தில் ஒப்பமிடுவது என் தொழிலுக்கு அழகல்ல என்று நினைத்துக்கொண்டே ஒப்பமிட்டேன். அதற்குத் தண்டனைபோல, முதல்முறை கடையொன்றில் அவசரப்பட்டுப் பிரித்தானிய அட்டையின் கோட் இலக்கத்தை வாங்கிவிட்டேன். பிழை என்னுடையது, சுரண்டிய அட்டையைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்று முன்பே எழுதி ஒட்டியிருந்தார்கள். அதைப் பிரித்தானியக் கணக்கு வைத்திருக்கும் ஒரு தம்பிக்கு விலை குறைத்துக் கொடுத்துவிட்டு, 100 டொலர், 25 டொலர், 10 டொலர் என்று மூன்று அமெரிக்க அட்டைகளை வாங்கினோம். சந்தா போக மிஞ்சிய ஒரு சதம் இன்றும் அந்தப் பணப்பையில் கிடக்கிறது.

இனி அனுபவ உரிமையைப் பார்க்கலாம். இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள்; ஏனெனில் ஒரே சந்தாவுக்குள் இரண்டு வகை உரிமைகள் இருக்கின்றன. ஒவ்வொரு மாதமும் முதல் செவ்வாய்க்கிழமை எல்லாப் படியினருக்கும் சில விளையாட்டுகள் கொடுக்கப்படுகின்றன. அந்த மாதத்துக்குள் அவற்றை நூலகத்தில் சேர்த்துக்கொண்டால், சந்தா உயிரோடு இருக்கும்வரை அவை நமக்கு உண்டு. சந்தா முடிந்தால் பூட்டப்படும். பல மாதம் கழித்து மீண்டும் சந்தா எடுத்தால் பூட்டுத் திறக்கும். இது சீவிய உரித்துப் போன்றது, சீவன் சந்தாவினுடையது என்பது மட்டுமே வித்தியாசம். எக்ஸ்ட்ராவின் தொகுப்பு அப்படியல்ல. மாத நடுவில் புதியவை சேரும், பழையவை வெளியேறும். ஒரு விளையாட்டுத் தொகுப்பிலிருந்து நீங்கினால், நாம் சந்தாவை ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருந்தாலும், பாதிவரை விளையாடியிருந்தாலும், விலைகொடுத்து வாங்காமல் அதைத் திறக்க முடியாது. அது குத்தகை, காணியை எப்போது எடுப்பது என்பது உரித்தாளியின் விருப்பம். வட்டாக வாங்கியது மட்டுமே, கையில் இருக்கும்வரை விற்கவும் இரவல் கொடுக்கவும் கூடியதாக, உறுதிக் காணிக்குக் கிட்ட வருகிறது.

இந்த வேறுபாட்டை விளங்கிக்கொண்டபின் எசென்ஷியலின் பெறுமதி எனக்குத் தெளிவாகியது. மாதாந்த விளையாட்டுகளை உடனே இறக்க வேண்டியதில்லை. நூலகத்தில் சேர்க்கும் பொத்தானை அழுத்தினாலே உரிமை பதியப்பட்டுவிடும். நான் 2025 மார்ச் மாதத்தில் அதைச் செய்ய மறந்துவிட்டேன். அந்த மாதத்துக்குரியவை போய்விட்டன. அதன் பிறகு சம்பளப் பட்டியல் நாட்காட்டியிலேயே முதல் செவ்வாயை வட்டமிட்டு வைத்தேன். மாதாந்த விளையாட்டுகளில் மூன்றில் ஒன்றாவது எங்கள் வீட்டில் யாரோ ஒருவருக்குப் பிடித்திருந்தது. மகனுக்கு ஒன்றும் பிடிக்காத மாதங்களில் மகள் ஏதாவது ஒரு சிறிய புதிர் விளையாட்டைக் கண்டெடுத்துவிடுவாள்.

ஒரு வீட்டுக்கு ஒரு சந்தா போதும் என்பது இந்தச் சேவையின் மிகப் பெரிய நன்மை. ஆனால் விற்பவர்கள் அதைச் சத்தமாகச் சொல்வதில்லை. அமைப்புகளில் கொன்சோல் பகிர்வு என்ற தெரிவு இயங்கும் நிலையில், என் கணக்கில் இருக்கும் சந்தாவால் அதே கொன்சோலில் மகனும் மகளும் தங்கள் சொந்தக் கணக்குகளில் ஒன்லைனில் விளையாடலாம். தொகுப்பில் உள்ளவற்றைத் திறக்கலாம். தங்கள் முன்னேற்றத்தைத் தனித்தனியே காத்துக்கொள்ளலாம். 40,500 ரூபாவை மூன்று பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு மாதம் 1,125 ரூபா. மகன் உயர்தரம் படிக்கும் ஆண்டு என்பதால், குடும்ப நிர்வாகி என்ற முறையில் அவன் விளையாடும் நேரத்துக்கு எல்லை வைக்கவும் முடிந்தது. அந்த வசதிக்குச் சந்தா தேவையில்லை என்றாலும், வீட்டில் சமாதானம் நிலவியதற்கு அதுவே காரணம் என்பதால் இங்கே குறிப்பிடுகிறேன்.

ஒன்லைனில் விளையாடுவதற்கே கட்டணம் என்பதை மட்டும் என்னால் இன்னும் நியாயப்படுத்திக்கொள்ள முடியவில்லை. இணைய இணைப்புக்கு மாதாமாதம் ஓரிடத்தில் கட்டுகிறோம். விளையாட்டை ஓரிடத்தில் வாங்குகிறோம். பிறகு இரண்டையும் இணைத்துப் பயன்படுத்த மூன்றாவதாக ஓரிடத்தில் கட்டுகிறோம். படகும் வலையும் சொந்தமாக இருந்தும் வாவியில் இறங்கத் துறைக்கூலி கேட்பது போன்றது இது. போர்ட்நைட், ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ், ரொக்கட் லீக் போன்ற இலவச விளையாட்டுகளுக்குச் சந்தா வேண்டியதில்லை என்பதைக் கொன்சோல் வாங்குபவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். அவற்றை மட்டுமே விளையாடும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இந்தச் சந்தா வீண்செலவாகவே முடியும். எங்கள் மகனும் அவன் மச்சானும் விளையாடுவது காற்பந்து. அது விலைக்கு வாங்கிய விளையாட்டு என்பதால் தப்ப முடியவில்லை. கல்லடிக்கும் திருக்கோவிலுக்கும் இடையே பேருந்தில் ஒன்றரை மணிநேரத்துக்கு மேலாகும் தூரத்தை இரவு எட்டு மணிக்கு அவர்கள் இருவரும் ஒரு நொடியில் கடந்து, ஒருவரையொருவர் திட்டிக்கொள்ளும் சத்தம் அடுத்த அறைக்குக் கேட்கும்போது, அந்தத் துறைக்கூலியைக் கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

விளையாட்டில் எதுவரை வந்தோம் என்பதைக் காக்கும் சேமிப்புக் கோப்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிளேஸ்டேஷன் 4 விளையாட்டுகளின் சேமிப்பை ஒரு யுஎஸ்பி பென்னில் நகலெடுத்து வைக்கலாம். பிளேஸ்டேஷன் 5 விளையாட்டுகளின் சேமிப்பை அவ்வாறு தனியே எடுக்க முடியாது. முழுக் கொன்சோலையும் வெளிச் சேமிப்பகமொன்றில் நகலெடுக்க வேண்டும், அல்லது சந்தாவோடு வரும் மேகச் சேமிப்பை, அதாவது இணையவழிச் சேமிப்பிடத்தை, நம்ப வேண்டும். அதில் பிளேஸ்டேஷன் 5 கோப்புகளுக்கு 100 ஜிபி இடம் உண்டு. வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் கார்த்திகை, மார்கழி மாதங்களில் இடியும் மின்வெட்டும் சொல்லாமல் வரும் ஊரில் இது சிறிய நன்மையல்ல. 2024 மார்கழியில் விளையாட்டின் நடுவே மின்சாரம் போய், மீண்டும் வந்தபோது கொன்சோல் தன் சேமிப்பகத்தைச் சரிபார்த்துக்கொண்டு எழுந்தது. மகள் என் கணக்கில் விளையாடிவந்த கோப்பு ஒன்று கெட்டிருந்தது. முதல்நாள் இரவு மேகத்தில் ஏறியிருந்த நகலை இரண்டு நிமிடத்தில் மீட்டோம். அவள் அன்று அழாமல் இருந்ததற்கு எத்தனை ரூபா கணக்கிடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

தொகுப்பின் பெறுமதியை விளையாட்டுகளின் எண்ணிக்கையால் அளப்பது தவறு. எங்கள் ஊரில் அதை ஜிபியால் அளக்க வேண்டும். வீட்டு இணைப்பின் வேகம் நல்ல நேரத்தில் நொடிக்கு 20 மெகாபிட் (எம்பிபிஎஸ்). 100 ஜிபி அளவுள்ள ஒரு விளையாட்டை அந்த வேகத்தில் இறக்கப் பதினொரு மணிநேரத்துக்கு மேலாகும். எங்களுக்கு மாதத்துக்கு 200 ஜிபி ஒதுக்கீடு; அதில் பிள்ளைகளின் ஒன்லைன் வகுப்பு, மாமியாரின் நாடகங்கள், என் அலுவலக மின்னஞ்சல் எல்லாம் அடக்கம். ஆக, பெரிய விளையாட்டு என்றால் மாதத்துக்கு ஒன்றுதான். கொன்சோலின் உட்சேமிப்பகம் பெயருக்கு 825 ஜிபி, பயன்படுத்தக்கூடியது 667 ஜிபி என்பதால் இடமும் ஆறேழு பெரிய விளையாட்டுகளோடு நிரம்பிவிடும். பல நூறு விளையாட்டுகள் என்ற விளம்பரம் எங்கள் வீட்டில் ஆண்டுக்கு ஒன்பதாகச் சுருங்கியது. அந்த ஒன்பதிலும் ஐந்தையே முடிவுவரை விளையாடினார்கள். ஒன்லைனில் விளையாடும்போது செலவாகும் தரவு மிகக் குறைவு; மணிக்குச் சில பத்து எம்பி முதல் நூறு எம்பி அளவோடு நின்றுவிடும். ஆகவே தரவு குறைந்த வீடுகளுக்கு எசென்ஷியல் நன்றாகப் பொருந்துகிறது. எக்ஸ்ட்ரா, எல்லையற்ற இணைப்புள்ளவர்களுக்கான சந்தா.

பிரீமியத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விளையாட்டை இறக்காமல் தொலைவிலிருந்து ஓட்டும் ஸ்ட்ரீமிங்குக்குக் குறைந்தது 5 எம்பிபிஎஸ் போதும் என்கிறார்கள். ஆனால் வேகம் மட்டும் காரணமல்ல, சேவையகம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதே காரணம். இலங்கைக்கு அருகில் அந்தச் சேவை அதிகாரபூர்வமாக இயங்கும் நாடுகள் இல்லாத நிலையில், 159.99 டொலர் கொடுத்து அதை எடுக்கும்படி எவருக்கும் நான் சொல்ல மாட்டேன்.

இப்போது திரைக்கு வருகிறேன். என் குறைகளில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது.

பிளேஸ்டேஷன் 5 இன் முகப்புத் திரை பார்ப்பதற்கு அழகானது. கொன்ட்ரோலரின் நடுப் பொத்தானை மெல்ல அழுத்தினால் அடியில் கட்டுப்பாட்டு வரிசை எழும்பும். அழுத்திப் பிடித்தால் முகப்புக்குப் போகும். பிளேஸ்டேஷன் 4 இல் இது நேர்மாறாக இருந்ததால், முன்பு அதைப் பழகிய என் தங்கை மகன் ஒரு மாதம்வரை பெனால்டி உதைக்கும் நேரத்திலெல்லாம் முகப்புக்கு ஓடிக்கொண்டிருந்தான். பழகிய பிறகு இந்த ஒழுங்கே மேல் என்று எனக்குப் படுகிறது. விளையாட்டை விட்டு வெளியேறாமலே ஒலியைக் குறைக்கலாம், பதிவிறக்கம் எத்தனை சதவீதம் என்று பார்க்கலாம், யார் ஒன்லைனில் இருக்கிறார்கள் என்று அறியலாம். ஒரு விளையாட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வேகமும் பாராட்டத்தக்கது. சில விளையாட்டுகளில், ஒரு கட்டத்தில் சிக்கிக்கொண்டால் எப்படிக் கடப்பது என்று சிறு காணொளியாகக் காட்டும் உதவி அட்டைகள் சந்தாதாரருக்குக் கிடைக்கின்றன. மகள் என் கணக்கில் அதைப் பயன்படுத்துவதைப் பார்த்து, அண்ணன் அதைக் களவு என்று சொல்லி ஒரு கிழமை சண்டை.

ஆனால் அந்த முகப்பை, வீட்டுக்காரர் தன் உடைமைகளைப் பார்க்கும் அலுமாரி என்று சொல்ல முடியாது. கடைத்தெருவில் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கிய காட்சிப்பொருள்கள் போலவே அது அமைக்கப்பட்டிருக்கிறது. அண்மையில் விளையாடியவை முகப்பு வரிசையில் நிற்கும். மற்றவற்றைக் காண அந்த வரிசையின் கடைசி வலப்பக்கம் வரை போய் நூலகத்தைத் திறக்க வேண்டும். கடைக்கான படமோ கண்ணுக்கு நேரே இருக்கும். பிளேஸ்டேஷன் 4 இல் இருந்ததுபோலக் கோப்புறைகளாகப் பிரித்து முகப்பில் வைக்க முடியாது. 2022 செப்டெம்பரில் விளையாட்டுப் பட்டியல்கள் என்ற வசதி வந்தாலும், அதுவும் நூலகத்துக்குள்ளேதான் ஒடுங்கியிருக்கிறது.

நூலகத்துக்குள் இறக்கியவை ஒரு தாவலிலும், நம் தொகுதி இன்னொரு தாவலிலும், பிளஸ் தொகுப்பு வேறொரு தாவலிலும் வருகின்றன. இவ்வளவு தூரம் பிரித்தவர்கள் இன்னும் ஓர் அடி வைத்திருக்கலாம். நம் தொகுதி என்ற பெயரின் கீழ் விலைக்கு வாங்கியதும் சந்தாவால் கிடைத்ததும் பக்கம் பக்கமாக ஒரே அளவுப் படங்களாக நிற்கின்றன; ஒரு சிறிய மஞ்சள் கூட்டல் குறியே வேறுபாடு. அந்தக் கூட்டல் குறியும், சீவிய உரித்துள்ள மாதாந்த விளையாட்டுக்கும் குத்தகையிலுள்ள தொகுப்பு விளையாட்டுக்கும் ஒன்றேதான். என் அலுவலகத்தில் குத்தகை ஒப்பந்தத்தையும் நன்கொடை உறுதியையும் ஒரே உறையில் போட்டு ஒரே முத்திரை குத்திக் கொடுத்தால் மறுநாளே வாசலில் வழக்கு நிற்கும்.

தொகுப்பிலிருந்து விரைவில் நீங்கவிருப்பவற்றைக் காட்டும் ஒரு வரிசை பிளஸ் பகுதியில் இருக்கிறது. இல்லை என்று சொன்னால் அநியாயம். ஆனால் புதிய வரவு, பரிந்துரை, பிரபலம் என்று அடுக்கிய வரிசைகளை எல்லாம் தாண்டிக் கீழே இறங்கிப் போய்த்தான் அதைப் பார்க்க வேண்டும். பதினொரு மணிநேரம் செலவழித்து, மாத ஒதுக்கீட்டில் பாதியைக் கொடுத்து ஒரு விளையாட்டை இறக்குபவருக்கு, இறக்கும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே எதுவரை விளையாடலாம் என்ற திகதியைப் பெரிய எழுத்தில் சொல்வது கடினமான காரியமல்ல. குத்தகைக்கு முடிவுத் திகதி எழுதாத ஒப்பந்தத்தை எங்கள் அலுவலகத்தில் நாங்கள் எழுதுவதில்லை. மகன் நாற்பது மணிநேரக் கதை விளையாட்டொன்றைத் தொடங்கியபோது அந்த வரிசையை முன்கூட்டியே பார்க்கும்படி நான் சொன்னேன். அவன் அதைத் தேடிக் கண்டுபிடிக்க எடுத்த நேரத்தில் நான் ஒரு பிளேன்ரீயைக் குடித்து முடித்துவிட்டேன்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொன்சோலின் மொழிப் பட்டியலில் அரபு இருக்கிறது, தாய்லாந்து மொழி இருக்கிறது, தமிழ் இல்லை. சிறுவர்கள் ஆங்கிலச் சொற்களைப் படமாகவே மனதில் வைத்துக்கொள்வதால் அவர்களுக்கு இது தடையாக இல்லை. ஆனால் சந்தா விதிகள், தானாகப் புதுப்பிக்கும் பொத்தான், பெற்றோர் கட்டுப்பாடு ஆகியவை பணம் கட்டும் பெரியவர்கள் வாசிக்க வேண்டியவை. அவர்களுக்குத்தான் மொழி தடை. தானாகப் புதுப்பித்தல் தொடக்கத்திலேயே இயங்கும் நிலையில் இருக்கும் என்பதையும், அதை நிறுத்தினாலும் கட்டிய காலம் முடியும்வரை சந்தா குறைவின்றிச் செல்லும் என்பதையும் இங்கே தமிழில் எழுதி வைக்கிறேன். அட்டை இலக்கம் கொடுத்துச் சந்தா எடுத்தவர்கள் முதல் நாளிலேயே அதை நிறுத்திவிடுவது நல்லது. எங்களைப்போல் பண அட்டை போடுபவர்களுக்குப் பணப்பையில் இருக்கும் ஒரு சதமே காவல்.

சேவையின் நம்பகத்தன்மையைப் பொறுத்தவரை, 2025 பெப்ரவரி 7 ஆம், 8 ஆம் திகதிகளில் உலகெங்கும் ஏறத்தாழ ஒருநாள் முழுவதும் வலையமைப்பு முடங்கியது. அதன்பின் சந்தாதாரர் எல்லாருக்கும் ஐந்து நாள்கள் கூட்டிக் கொடுக்கப்பட்டன. வெள்ளம் புகுந்த போகத்தில் குத்தகை நெல்லில் சில மூடைகளை விட்டுக்கொடுக்கும் போடியாரின் பெருந்தன்மை என்று இதைச் சொல்லலாம். 2011 ஏப்ரலில் ஊடுருவலால் மூன்று கிழமைக்கும் மேலாக அதே வலையமைப்பு மூடிக் கிடந்ததோடு ஒப்பிட்டால் ஒருநாள் பெரிதல்ல.

மற்றக் கொன்சோல்களின் சந்தாக்களைப் பற்றிச் சுருக்கமாக: நின்டெண்டோவின் அடிப்படைச் சந்தா ஆண்டுக்கு 19.99 டொலர்தான்; ஒன்லைனில் விளையாடுவது மட்டும் தேவை என்பவர்களுக்கு அதைவிட மலிவு இல்லை. எக்ஸ்பொக்ஸின் கேம் பாஸ் அல்டிமேட் 2025 ஒக்டோபரில் மாதத்துக்கு 19.99 டொலரிலிருந்து 29.99 டொலராக ஒரே தாவலில் ஏறியது. புதிய விளையாட்டுகள் வெளியாகும் நாளிலேயே கிடைப்பது அதன் பலம். அப்போதைய விலையில் ஆண்டுக்கு 360 டொலர் என்பது இங்கே ஓர் இலட்சத்து எட்டாயிரம் ரூபா. அந்த விலையைக் கேட்ட பிறகு எங்கள் வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

எங்கள் பன்னிரண்டு மாதங்கள் 2025 டிசம்பரில் முடிகின்றன. எக்ஸ்ட்ராவை ஆண்டுக் கணக்கில் மீண்டும் எடுக்கப் போவதில்லை. எசென்ஷியலை எடுத்துவிட்டு விடுமுறை மாதத்துக்கு மட்டும் எக்ஸ்ட்ராவாக உயர்த்தலாமா என்று பார்த்தேன். உயர்த்துவதென்றால் மீதமுள்ள காலம் முழுவதற்கும் வித்தியாசத்தைக் கட்ட வேண்டும், ஒரு மாதத்துக்கு மட்டும் உயர்த்த வழியில்லை. ஆகவே வரிசையை மாற்றிப் போட்டிருக்கிறேன். ஓடும் சந்தா முடிந்ததும், பாடசாலை விடுமுறையில், 2025 விலையில் 14.99 டொலருக்கு ஒரு மாத எக்ஸ்ட்ரா. அது முடிந்த பிறகு 79.99 டொலருக்குப் பன்னிரண்டு மாத எசென்ஷியல். கூட்டினால் 94.98 டொலர், சென்ற ஆண்டைவிட 12,000 ரூபா குறைவு. நவம்பர் இறுதியில் வழக்கமாக வரும் விலைக்கழிவு விற்பனையில் ஆண்டுச் சந்தா குறைந்தால் இன்னும் நல்லது. அந்த 12,000 ரூபாவில் ஒரு பகுதியை விடுமுறை மாதத்துக்கு மேலதிகத் தரவு வாங்க ஒதுக்கியிருக்கிறேன்.

மகன் உயர்தரப் பரீட்சை முடியும்வரை இதைப் பற்றிப் பேச மாட்டேன் என்று சொல்லிவிட்டான். மகள்தான் அந்த ஒரு மாதத்தில் இறக்க வேண்டியவற்றின் பட்டியலை எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறாள். விருப்பத்தின் வரிசையில் அல்ல, ஜிபியின் வரிசையில், சிறியதிலிருந்து பெரியதாக.